ஐந்து மணிக் காப்பி

எங்கள் வீட்டில் டிகாக்ஷன் இறங்குவது காலை ஐந்து மணிக்கு. நான் கட்டிலை விட்டு இறங்குவது ஏழு மணிக்கு. இந்த இரண்டு மணி நேரத்தைக் காப்பி சூடு குறையாமல் கடப்பது எப்படி என்பதே, கலியாணமான நாள் முதல் எனக்கும் என் சம்சாரத்துக்கும் நடந்துவந்த ஒரே வியாஜ்யம். ஏனைய விஷயங்களில் அவள் சொல்வதே தீர்ப்பாகையால் வியாஜ்யத்துக்கு இடமில்லை.

ஆதியில் கும்முட்டி அடுப்பு இருந்தது. கரி நெருப்பு நீறு பூத்த பிறகு, கலந்த காப்பியை அதன்மேல் மூடி வைத்துவிட்டு அவள் கோலம் போடப் போய்விடுவாள். ஏழு மணிக்கு மூடியைத் திறந்தால் சூடு இருக்கும், காப்பி இராது; மேலே கனத்த ஆடையும், அடியில் கஷாயத்தின் சுபாவத்தை அடைந்துவிட்ட ஒரு திரவமுமே இருக்கும். காப்பியின் வாசனையோ சூடு ஏற ஏற ஆவியாகி, முதலில் கூடத்துக்கும் பிறகு அடுத்த வீட்டுக்கும் குடிபோய்விட, நம் பங்குக்கு மிஞ்சுவது கசப்பு ஒன்றே.

அப்புறம் பிளாஸ்க்கு வாங்கினேன். ஜேம்ஸ் டியூவர் என்ற ஸ்காத்லாந்து தேசத்து விஞ்ஞானி, குளிர்ந்து திரவமான வாயுக்களைப் பாதுகாக்கும் பொருட்டு, 1892-ஆம் வருஷத்தில், இரட்டைச் சுவருள்ள கண்ணாடிக் குப்பி ஒன்றைச் செய்து, சுவர்களின் நடுவே இருந்த காற்றை வெளியேற்றினார்; காற்றில்லாத இடத்தைச் சூடு எளிதில் தாண்டாது, கதிராகத் தாண்டப் பார்க்கும் சூட்டையும் வெள்ளிப் பூச்சு திருப்பி அனுப்பிவிடும். ஆனால் அந்த மகானுபாவர் பால் கலந்த காப்பியை அதில் அடைத்து, மறுநாள் தக்கையை முகர்ந்து பார்த்திருப்பாராகில், கண்டுபிடித்ததையே யாருக்கும் சொல்லியிருக்கமாட்டார். மேலும், இவ்வளவு பிரயத்தனப்பட்டுக் காத்த சூட்டை, நாம் டபராவில் ஊற்றி ஆற்றித்தானே குடிக்கிறோம்! ஒரு நாள் பிளாஸ்க்கு என் கைதவறி விழுந்தது. வெளித்தகரம் நசுங்கவில்லை, ஆட்டிப் பார்த்தால் மட்டும் உள்ளே கலகலவென்று சிரித்தது.

ஊரிலிருந்து வந்த மாமியார், டிகாக்ஷனை மாத்திரம் வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் இறக்கி வைத்து, மாப்பிள்ளை எழுந்த பிறகு பாலைக் காய்ச்சிக் கலக்க வேண்டும் என்று உபாயம் சொன்னார். சரியான உபாயந்தான், இன்றும் எனக்கு அதில் அபிப்பிராய பேதம் இல்லை.

"ஒரு டம்ளர் காப்பிக்கு இரண்டு தடவை அடுப்பு மூட்ட என்னால் ஆகாது, பாலை நீங்களே காய்ச்சிக்கொள்ளுங்கள்" என்றாள் மகள்.

ஒப்புக்கொண்டேன். ஆனால் பால்காரன் வருவது ஐந்து மணிக்கு. சித்திரை மாதப் புழுக்கத்தில் காய்ச்சாத பால் எனக்காகக் காத்திருக்கச் சம்மதியாமல் திரிந்துபோகவே, நானும் ஐந்து மணிக்கு எழவேண்டியதாயிற்று. எழுந்தவர் அப்படியே டிகாக்ஷனும் போட்டால் என்ன என்று போர்வைக்குள்ளிருந்து ஒரு குரல் கேட்டது.

இப்போது அவள் எழுந்திருப்பது ஏழு மணிக்கு. அதுவரை அவள் காப்பி ஆறாமலிருக்க வழி அறிந்த வாசகர்கள் தயவுசெய்து எழுதித் தெரிவிக்கவும். பிளாஸ்க்கு என்று மட்டும் எழுத வேண்டாம்.