சி டிரைவும் சித்தப்பாவும்

2006 வாக்கில் எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டருக்கு வைரஸ் வந்தால் தெருவுக்கே தெரியும். வைரஸும் அப்போது ஒளிவு மறைவு பார்க்காது. டாஸ்க் மேனேஜரைத் திறந்தால் 'அட்மினிஸ்ட்ரேட்டர் தடை செய்திருக்கிறார்' என்று அறிவிக்கும். அந்த வீட்டு அட்மினிஸ்ட்ரேட்டர் நான்தான். இந்தோனேஷியாவிலிருந்து வந்த பிரான்டாக், மெனுவிலிருந்து 'ஃபோல்டர் ஆப்ஷன்ஸ்' என்ற வரியையே தூக்கிவிடும். 1986இல் லாகூரில் ஆல்வி சகோதரர்கள் எழுதிய பிரெய்ன் வைரஸ் இன்னும் யோக்கியம். உள்ளேயே தங்கள் விலாசத்தையும் போன் நம்பரையும் எழுதி, தடுப்பூசி வேண்டுமானால் கூப்பிடச் சொல்லியிருந்தார்கள்.

எங்களுக்கு அசெம்பிள் செய்து கொடுத்த தம்பியிடம் எல்லா நோய்க்கும் ஒரே மருந்துதான். "ஃபார்மட் அடிச்சிரலாம் சார். போட்டோ எல்லாம் டி-ல போட்டுருங்க, சி-யை மட்டும் அடிக்கிறேன்." அரை நாள் அடிப்பார். அவர் காபி குடித்துவிட்டுப் படியிறங்கியதும் போட்டோவெல்லாம் பத்திரமா என்று டி டிரைவை டபுள் கிளிக் செய்வேன். அங்கே ஆட்டோரன் கோப்பு ஒன்று கண்ணுக்குத் தெரியாமல் உட்கார்ந்திருக்கும். வெள்ளையடித்த வீட்டுக்குப் பழைய குடித்தனக்காரன் திரும்பி வந்த மாதிரி, எல்லாம் மறுபடி சி-க்குள் வந்துவிடும்.

பென் டிரைவ் வழியாக வருவதுதான் எனக்குப் பிடித்த ரகம். 'நியூ ஃபோல்டர்' என்று அச்சு அசல் மஞ்சள் ஃபோல்டர். விண்டோஸ் எக்ஸ்பியோ பெயருக்குப் பின்னால் உள்ள '.எக்ஸ்இ' வாலை வழக்கமாகவே மறைத்துவிடும். 'டீடெய்ல்ஸ்' பார்வைக்கு மாற்றினால், மற்ற ஃபோல்டர்களுக்கு நேரே 'ஃபைல் ஃபோல்டர்' என்றிருக்கும். இதற்கு நேரே மட்டும் 'அப்ளிகேஷன்'. யார் பார்த்தோம்?

ஆன்டிவைரஸ் இல்லாமலா? இருந்தது, முப்பது நாள் இலவசத்தில். அதன் பிறகு யாரோ கொடுத்த சிடியில் 'கிராக்'. கூடவே ஒரு குறிப்பு: 'இதை ஓட்டுவதற்கு முன் ஆன்டிவைரஸை நிறுத்தி வைக்கவும்.' காவலுக்குச் சம்பளம் மிச்சம் பிடிக்கக் காவல்காரனையே தூங்க வைத்தோம். கீ தயாரிக்கும் புரோகிராம் அதற்குத் தாலாட்டாக ஒரு மின்னணு இசையும் வாசிக்கும். 2011இல் மைக்ரோசாஃப்ட், பென் டிரைவைச் செருகியதும் தானே ஓடும் வழக்கத்தைப் பழைய விண்டோஸ்களிலும் அப்டேட் மூலம் நிறுத்தியது. எங்கள் தெருவில் பலருக்கு அது வந்து சேரவில்லை. 'உங்கள் விண்டோஸ் அசல் அல்ல' என்று திரையைக் கறுப்பாக்கிவிடுமோ என்ற பயத்தில் அப்டேட்டை நிறுத்தி வைத்திருந்தோமே!

இப்போது கதை வேறு. விண்டோஸ் 8 முதல் ஆன்டிவைரஸ் கூடவே வருகிறது, காசில்லாமல். சும்மா சொல்லக்கூடாது, நன்றாகவே வேலை செய்கிறது. அதனால் திருடர்கள் அதோடு மல்லுக்கட்டுவதைக் குறைத்துக்கொண்டு, நேராக நம்மிடமே உதவி கேட்கிறார்கள். 'நீங்கள் ரோபோ இல்லை என்று நிரூபிக்க விண்டோஸ் கீயையும் ஆரையும் அழுத்தி, ஒட்டி, என்டர் தட்டுங்கள்' என்கிறது ஒரு பக்கம். எதை ஒட்டுகிறோம் என்று பார்க்காமல் தட்டுபவர் மனிதர்தான், சந்தேகமில்லை. கம்ப்யூட்டர் மெதுவாகாது, மெனு தொலையாது. பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகள் மட்டும் சத்தமில்லாமல் வெளியூர் போய்விடும். பிரான்டாக் எவ்வளவோ தேவலை.

மஞ்சள் ஃபோல்டர் மட்டும் சாகவில்லை. கல்யாணப் பத்திரிகையாக வேஷம் மாற்றிக்கொண்டு வாட்ஸ்அப்பில் வருகிறது, பின்னால் '.ஏபிகே' என்ற வாலோடு. நிறுவினால் எஸ்எம்எஸ் படிக்க அனுமதி கேட்கும். கொடுத்தால் ஓடிபி நமக்கு முன்னால் அவர்களுக்குப் போகும். மன்னார்குடிச் சித்தப்பாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. அவரை நினைத்துக் கவலைப்பட்டுப் போன் போட்டேன்.

"வந்துதுடா, நம்ம ரைஸ் மில்காரன் நம்பர்லேருந்து."

"ஐயோ, தொட்டீங்களா சித்தப்பா?"

"தொட்டேன். இன்ஸ்டால் பண்ணவான்னு கேக்குது. வீடேறி வந்து வெத்தலை பாக்கு வெக்கலை. போன்ல ஒரு வார்த்தை கிடையாது. இதுல அவன் பத்திரிகையைப் பாக்க நான் அனுமதி குடுக்கணுமாம்! அப்பவே அழிச்சுட்டேன். மொய்யும் கிடையாதுன்னு உங்க சித்திகிட்ட சொல்லிட்டேன்."