ஸ்பீக்கர் மீது சாம்பார்: சிந்துதலும் துடைத்தலும்

ஸ்பீக்கர் மீது சாம்பார் சிந்துவதால் நேரும் கேடு ஒன்று. அதைத் துடைப்பதால் நேரும் கேடு இன்னொன்று. இரண்டில் பின்னதே பெரிது. இத்துறையில் ஈடுபட்டோர் பலரும் பெட்டியை ரிப்பேர் கடைக்குத் தூக்கிச் சென்ற பிறகே இதை ஒப்புக்கொள்கின்றனர்.

சிந்துதலின் தோற்றுவாய் டி.வி. முன் உட்கார்ந்து சாப்பிடும் வழக்கம். சப்-ஊஃபரின் தட்டையான மேற்பலகை டம்ளர் வைப்பதற்கென்றே செய்யப்பட்டது என்பது விருந்தினர் கொள்கை. சண்டைக் காட்சி வந்ததும் பலகை அதிரும். அதிர அதிர டம்ளர் தானாக நகர்ந்து, வில்லன் விழுவதற்குள் விளிம்பைத் தொட்டுவிடும். ஆகவே பழி முழுவதையும் குழந்தைகள் தலையில் போடுவது வழக்கமே தவிர நியாயம் அல்ல.

துடைக்கும் முன் துடைக்கப்படும் பொருளை அறிய வேண்டும். இன்று வீடுகளில் உள்ள ஸ்பீக்கர், அமெரிக்காவில் செஸ்டர் ரைஸ், எட்வர்ட் கெல்லாக் இருவரும் 1925இல் விவரித்த அமைப்பின் வழிவந்தது. முன்னால் தெரியும் கூம்பு வடிவத் தகட்டுக்குக் கோன் என்று பெயர். பெரும்பாலும் காகிதம், சிலவற்றில் பிளாஸ்டிக். அதன் விளிம்பைச் சட்டத்தோடு பிணைப்பது ரப்பர் அல்லது ஃபோம் வளையம். நடுவிலுள்ள குமிழுக்குப் பின்னே, காந்தத்தின் மெல்லிய இடுக்கில், செம்புக் கம்பிச் சுருள் எதையும் உரசாமல் முன்னும் பின்னும் ஓடுகிறது. அந்த இடுக்கில் கடுகு நுழையாது, ரசம் நுழையும்.

சிந்தும் பண்டங்களில் வெறும் தண்ணீரே சாது, காய்ந்தால் போய்விடும். ஆனால் பெட்டி மரத்தூள் பலகையில் செய்தது என்பதால், மூலையில் தேங்கிய நீர் பலகையை உப்பவைக்கும். ரசத்திலுள்ள புளியும் உப்பும் செம்பை அரிக்கும். நெய் காகிதக் கோனில் ஊறினால் ஆவியாகாது. அந்தக் கறை ஸ்பீக்கரின் ஆயுளுக்கும் கூட வரும். பாயசமோ காய்ந்த பின்பே தன் வேலையைத் தொடங்கும்: சர்க்கரை இறுகி விளிம்பு வளையத்தின் நெகிழ்வைக் குறைக்கும், கோனின் எடையைக் கூட்டும், எறும்பை அழைக்கும். மிக்சர் தனி வகை. அது பெட்டியின் காற்றுத் துளை வழியே உள்ளே போய், குறிப்பிட்ட சில தாழ்சுருதிகளில் மட்டும் கடலையின் இருப்பை அறிவிக்கும். துளை தரையைப் பார்க்கும்படி பெட்டியைச் சாய்த்து மெல்ல ஆட்டினால் பெரும்பகுதி வெளியே வரும்.

சிந்தியவுடன் கை துணியைத் தேடும். தேட வேண்டியது சுவிட்ச். ஆம்ப்ளிஃபயர் உள்ளடங்கிய பெட்டியானால் பிளக்கையும் பிடுங்க வேண்டும். அதன் பிறகும் உள்ளே கெபாசிட்டர்களில் மின்சாரம் மிச்சமிருக்கக்கூடும் என்பதால் பெட்டியைத் திறக்கலாகாது. அடுத்து, கோன் கீழ்நோக்கும்படி பெட்டியைச் சாய்த்துப் பிடித்தால் குழம்பு சுருளை நோக்கி ஓடாமல் வந்த வழியே வடியும். முன்பக்கத்தை மூடிய வலையைக் கழற்றும்போது ஒரே மூலையைப் பிடித்து இழுத்தால் முளை உடையும். நான்கு மூலைகளையும் கொஞ்சம் கொஞ்சமாக நெம்ப வேண்டும்.

துடைப்பது என்ற பெயர் இருந்தாலும் கோன் மேல் செய்ய வேண்டியது ஒற்றுவதே. பழைய வேட்டிக் கிழிசலை நனைத்து, சொட்டு விழாத அளவுக்குப் பிழிந்து, மென்மையாக ஒற்றி எடுக்க வேண்டும். தேய்த்தால் ஈரக் காகிதம் பஞ்சாகப் பிரியும். பிளாஸ்டிக் கோனும் ரப்பர் வளையமும் ஒரு துளி பாத்திர சோப்பு கலந்த நீரைத் தாங்கும். உச்சசுருதிக்கான சிறு ட்வீட்டரின் பட்டுக் குமிழை ஈரத்துணியால் தொடுவதே தவறு; காயவிட்டு, மிருதுவான தூரிகையால் உதிர்க்கலாம். உலோகக் குமிழ் விரல் பட்டாலே குழியும். கண்ணாடி துடைக்கும் நீலத் திரவம், தின்னர், நகப்பூச்சு நீக்கி ஆகியவை கறையோடு பசையையும் கரைக்க வல்லவை.

உலர்த்துவதில் மூன்று கட்சிகள் உண்டு. ஹேர் டிரையர் கட்சி சூட்டால் ஒட்டுப்பசையை இளக்கும். வேக்குவம் கட்சி நடுக்குமிழை உறிஞ்சிச் சேதப்படுத்தும். செல்போனுக்குச் செய்வதுபோல் அரிசி மூட்டைக்குள் புதைப்போர் கட்சியைப் பற்றி, சோறு சிந்தியதற்கு அரிசியால் பரிகாரம் தேடும் அதன் துணிவைத் தவிரப் பாராட்ட ஒன்றுமில்லை. நிழலில், மின்விசிறிக் காற்றில், ஒரு முழு நாள் விடுவதே முறை. பிறகு ஒலியை மிகக் குறைத்து வைத்துப் பேச்சுக்குரல் ஒன்றைக் கேட்க வேண்டும். கரகரவென்று உரசினால் சுருளின் இடுக்கில் ஏதோ ஒட்டியிருக்கிறது. அதற்கு மேல் வீட்டு வைத்தியம் செல்லாது. கடையில் சுருளோடு புதுக் கோன் மாற்றித் தருவார்கள்.

எஞ்சுவது வலைத்துணியின் மஞ்சள் கறை. சோப்பின் காரம் பட்டதும் மஞ்சள் சிவந்துவிடும். வீட்டில் பீதி எழுவது பெரும்பாலும் இக்கட்டத்தில்தான். பதற வேண்டியதில்லை, அலசினால் மறுபடி மஞ்சளாகும். பெட்டிக்கு ஆகாத வெயில் வலைக்கு ஆகும்: மஞ்சளின் நிறமி வெயிலில் வெளுக்கும். அதற்கும் மசியாத கறையானால், ஒரே அளவுள்ள வலைகளை இடம் மாற்றி, கறைபட்டதைச் சோபாவுக்குப் பின்னால் உள்ள ஸ்பீக்கருக்குப் பொருத்திவிடலாம்.