அப்டேட் சார்

எந்த ஆலைக்குப் போனாலும் இவரைச் சுலபமாகக் கண்டுபிடித்துவிடலாம். மற்றவர்கள் சட்டைப் பையில் பேனா செருகியிருக்கும் இடத்தில் இவர் சின்ன ஸ்க்ரூடிரைவர் செருகியிருப்பார். தோளில் லேப்டாப் பை, அதன் வாயிலிருந்து எட்டிப் பார்க்கும் நெட்வொர்க் கேபிள், முகத்தில் நிரந்தரமாக ஒரு கவலை. உற்பத்தி குறைந்ததற்கோ சம்பள உயர்வு வராததற்கோ பட்ட கவலை அல்ல அது. நேற்றுவரை 2.3 ஆக இருந்த வெர்ஷன் இன்று 2.4 ஆகிவிட்டது, நம் ஆலையில் இன்னும் 2.1 ஓடிக்கொண்டிருக்கிறதே என்ற கவலை.

பெற்றோர் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் இருக்கிறது. வாட்ச்மேனிலிருந்து ஜி.எம். வரை எல்லோருக்கும் அவர் 'அப்டேட் சார்'.

ஊரார் காலையில் ராசிபலன் பார்க்கும் நேரத்தில் இவர் ரிலீஸ் நோட்ஸ் பார்ப்பார். அதில் பெரும்பாலும் இரண்டே வரிதான் இருக்கும்: சில பிழைகள் சரிசெய்யப்பட்டன, நிலைத்தன்மை மேம்படுத்தப்பட்டது. "எந்தப் பிழை சார்?" என்று ஜூனியர் பையன் கேட்டால், "அதான் சரி பண்ணிட்டானே, இப்ப எதுக்கு அது?" என்பார். நியாயமான பதில்தான். பிழை இருந்தது யாருக்கும் தெரியாது, போனதும் யாருக்கும் தெரியாது. நடுவில் அப்டேட் சார் மட்டும் ஒரு நிம்மதிப் பெருமூச்சு விட்டிருப்பார்.

வீட்டிலும் இதே ராஜ்ஜியம்தான். இந்தியா கடைசி ஓவரில் பதினொரு ரன் எடுக்க வேண்டியிருந்த இரவில், அவர் வீட்டு டிவி 'மேம்படுத்தப்படுகிறது, அணைக்க வேண்டாம்' என்று சொல்லிவிட்டுக் கறுத்துப்போனது. மாமனார் செருப்பை மாட்டிக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனார். போனவர் ராத்திரிச் சாப்பாட்டையும் அங்கேயே முடித்துக்கொண்டார். அந்த வீட்டில் இதுவரை மேம்படுத்தப்படாத ஒரே சாதனம் தண்ணீர் மோட்டார். அதற்குள் மென்பொருள் எதுவும் இல்லாததால் பிழைத்துக் கிடக்கிறது.

வீட்டோடு போயிருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலையில்லை. அவர் கண் எடைமேடை அறையில் இருக்கும் சின்னப் பெட்டியின் மேல் விழுந்ததுதான் விஷயம்.

விழுப்புரம் பக்கத்துச் சர்க்கரை ஆலை ஒன்றை எடுத்துக்கொள்வோம். கேட்டை ஒட்டி எடைமேடை. கரும்பு லாரி ஏறி நின்றதும் மேடைக்கு அடியிலுள்ள லோடு செல்கள் அழுந்தி, அறைக்குள்ளிருக்கும் இண்டிகேட்டரில் சிவப்பு எழுத்தில் எடை காட்டும். அந்த எடை கம்ப்யூட்டருக்குப் போக வேண்டும். இண்டிகேட்டருக்குத் தெரிந்த ஒரே வழி ஆர்எஸ்-232 சீரியல் போர்ட். அமெரிக்காவில் 1960இல் வகுத்த முறை அது. நம்பகமானது, ஆனால் கேபிள் பதினைந்து மீட்டரைத் தாண்டினால் உத்தரவாதம் கிடையாது. பில் போடும் சர்வரோ ஆபீஸ் கட்டடத்தில், கூப்பிட்டால் கேட்காத தூரத்தில் இருக்கிறது. இடைவெளியை நிரப்பத்தான் இந்தப் பெட்டி. ஒரு பக்கம் ஒன்பது பின் சீரியல் கேபிளை வாங்கிக்கொண்டு, மறுபக்கம் நெட்வொர்க்கில் தள்ளிவிடும். ஆபீஸிலுள்ள விண்டோஸ் கம்ப்யூட்டர், இண்டிகேட்டர் தன் முதுகிலேயே செருகியிருப்பதாக நம்பி, காம் 3 என்று அதற்கு ஒரு பெயரும் வைத்துக்கொள்ளும். அதை வாசிக்கும் புரோகிராம் 1998இல் வந்த விஷுவல் பேசிக் 6இல் யாரோ எழுதியது. எழுதியவர் வேலையை விட்டுப் போய் வெகுகாலமாகிறது. புரோகிராம் மட்டும் விடாமல் வேலைக்கு வருகிறது.

பெட்டி உள்ளங்கை அகலம்தான். கடிகாரத்துக்குக் கீழே ஆணியில் தொங்கும். ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை சந்தனம், குங்குமம் வாங்கிக்கொள்ளும். மற்ற நாட்களில் யாரும் அதை ஏறிட்டுப் பார்ப்பதில்லை.

அப்டேட் சார் பார்த்துவிட்டார். பார்த்தது அரவை உச்சத்தில், பொங்கல் முடிந்த மறுவாரத்தில்.

அந்தச் சமயத்தில் கேன் யார்டு எப்படியிருக்கும் என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். டிராக்டர் டிப்பர், லாரி, மாட்டு வண்டி என்று வரிசை மெயின் ரோடு வரைக்கும் நீளும். வெட்டிய கரும்பு காயக் காய எடை குறையும், சர்க்கரைச் சத்தும் இறங்கும். ஒவ்வொரு மணி நேரத் தாமதமும் விவசாயியின் பையிலிருந்து போகும் காசு. அப்படிப்பட்ட ஒரு காலை வேளையில் லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு எடைமேடை கிளார்க்கிடம் அவர் சொன்னார்:

"அண்ணே, ரெண்டே நிமிஷம்."

கிளார்க் அண்ணனுக்கு ரிட்டயர்மென்ட் நெருங்குகிறது. "எதுக்கு சார் இப்ப? நல்லாத்தானே ஓடிக்கிட்டிருக்கு?"

"ஓடுதுண்ணே. பழைய வெர்ஷன்ல ஓடுது."

"எடை சரியா வருதே?"

"எடை சரியாத்தான் வருது. பாதுகாப்பா வரல."

எடை எப்படிப் பாதுகாப்பாக வரும் என்று அண்ணன் யோசித்து முடிப்பதற்குள் சார் பைலைத் தேர்ந்தெடுத்து, பொத்தானை அழுத்திவிட்டார். அடுத்த சில நிமிடங்கள் அப்டேட் சாரின் வாழ்க்கையில் ஆனந்தமான நிமிடங்கள். பச்சைக் கோடு இடமிருந்து வலமாக நகர்கிறது. பெட்டியின் சிறு விளக்கு படபடவென்று சிமிட்டுகிறது. 'மின்சாரத்தைத் துண்டிக்காதீர்' என்று திரை எச்சரிக்க, அவர் எழுந்து போய் பிளக் பாயின்டுக்குக் குறுக்கே நிற்கிறார். செல்போன் சார்ஜ் போட வந்த டிராக்டர் டிரைவரை, கைகளை விரித்துத் தடுத்து அனுப்புகிறார். பெருக்க வந்த அம்மாவிடம் துடைப்பத்தைத் தள்ளியே வைக்கச் சொல்கிறார். கோடு முழுசாக நிரம்புகிறது. 'வெற்றி.' அதைப் போட்டோ எடுத்துக்கொள்கிறார்.

மேடையில் லாரி ஏறி நின்றது. அண்ணன் மானிட்டரைப் பார்த்தார், இண்டிகேட்டரைப் பார்த்தார், மறுபடி மானிட்டரைப் பார்த்தார்.

"சார், இண்டிகேட்டர்ல 18,460 கிலோ. கம்ப்யூட்டர் வேற ஏதோ பாஷை பேசுது."

எடை வர வேண்டிய கட்டத்தில் ஒரு கேள்விக்குறி, ஒரு டாலர், ஒரு சின்னச் சதுரம், மறுபடி இரண்டு கேள்விக்குறிகள்.

நடந்தது இதுதான். புதிய ஃபர்ம்வேர், அதாவது பெட்டிக்குள்ளேயே ஓடும் மென்பொருள், கச்சிதமாக ஏறிவிட்டது. ஏறும்போது பழைய செட்டிங் எல்லாவற்றையும் துடைத்துவிட்டு, தொழிற்சாலையிலிருந்து வந்த நாளின் நினைவோடு விழித்துக்கொண்டது. இண்டிகேட்டர் நொடிக்கு 2,400 பிட் வேகத்தில் நிதானமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறது. பெட்டியோ 1,15,200 வேகத்தில் கேட்டுக்கொண்டிருக்கிறது. சொல்பவர் மேல் பிழையில்லை, கேட்பவர் மேலும் பிழையில்லை. விவசாயிக்குத்தான் சீட்டு வரவில்லை.

சார் வேகத்தை மாற்றினார். பேரிட்டியை மாற்றினார். ஸ்டாப் பிட்டை மாற்றினார். எட்டு பிட்டா ஏழு பிட்டா என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டார். ஒவ்வொரு மாற்றத்துக்கும் பெட்டி ஒருமுறை அணைந்து எழுந்தது. எழுந்ததும் வேறு தினுசான கேள்விக்குறிகளைக் காட்டியது. கடைசியில் எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பிக்கலாம் என்று குண்டூசி எடுத்து ரீசெட் துளைக்குள் விட்டார். ஊசி இறங்கவில்லை. பல வருஷத்து ஆயுத பூஜைச் சந்தனம் இறுகி, துளையை அடைத்துக்கொண்டிருந்தது.

இதற்குள் ஜன்னலில் தலைகள். "இன்னா சார், கரும்பு காயுது." கேன் ஆபீசரிடமிருந்து போன். பின்னாலேயே ஜி.எம். போன். "ரெண்டு நிமிஷம் சார்" என்று இருவருக்கும் ஒரே பதில்.

அண்ணன் பதற்றப்படவில்லை. மேஜை இழுப்பறையிலிருந்து நீளமான ரெஜிஸ்டரை எடுத்தார். இண்டிகேட்டரைப் பார்த்துக் கையால் எழுதி வண்டிகளை அனுப்ப ஆரம்பித்தார். விவசாயிகள் ஒத்துக்கொள்ளவில்லை. "கையால எழுதுற எடையா? அதெல்லாம் வேணாம், பிரின்ட் குடு." பல வருஷமாகக் கம்ப்யூட்டரைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தவர்கள் அன்று ஒரே நாளில் அதன் பக்கம் சேர்ந்துவிட்டார்கள்.

வேறு வழியில்லாமல் அண்ணன் பீரோக் கதவைத் திறந்து, உட்புறம் ஒட்டியிருந்த ஒரு தினசரிக் காலண்டர் தாளைக் காட்டினார். தாளின் பின்புறம் நீல மையில், '2400, 7, ஈவன், 1'. பெட்டியை மாட்டிய பையன் எழுதி ஒட்டிவிட்டுப் போனது.

"அண்ணே! இதை முதல்லயே சொல்லக் கூடாதா?"

"அப்டேட் பண்றேன்னுதானே சார் சொன்னீங்க. அதுக்கு எல்லாம் மறந்துபோயிடும்னு சொல்லலையே."

நான்கையும் போட்டதும் எடை வந்தது, சீட்டு வந்தது, வரிசை நகர்ந்தது. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டியின் கதையை அண்ணன் வாய்க்குள்ளேயே சொல்லிக்கொண்டார். சாயங்காலம் தலைமை அலுவலகத்துக்கு மெயில் போயிற்று: 'ஃபர்ம்வேர் மேம்படுத்தும் பணி வெற்றிகரமாக நிறைவடைந்தது.' கூடவே அந்தப் போட்டோ. வரிசையைப் பற்றி மெயிலில் ஒன்றும் இல்லை.

இவ்வளவும் படித்துவிட்டு, ஓடுகிற எதையும் தொடாமலே விட்டுவிடுவதுதான் புத்திசாலித்தனம் என்று முடிவு கட்டிவிட வேண்டாம். அப்படி முடிவு கட்டியவர்களும் ஒவ்வொரு ஆலையிலும் உண்டு. பெட்டி மேல் 'கை வைக்காதே' என்று சிவப்பு மையில் எழுதி ஒட்டுபவர்கள். பாஸ்வேர்ட் போடாத பெட்டி, வாங்கிய நாளின் ஃபர்ம்வேர், ஆலை நெட்வொர்க்கில் யார் வேண்டுமானாலும் திறக்கலாம்.

திறந்தால் என்னாகும் என்பதை உலகம் ஒருமுறை பார்த்துவிட்டது. 2015 டிசம்பர் 23 அன்று உக்ரைனில், மேற்கிலுள்ள இவானோ-பிரான்கிவ்ஸ்க் பகுதி உட்படப் பல இடங்களில் சுமார் 2,25,000 வாடிக்கையாளர்களுக்குக் கரன்ட் போயிற்று. மின் நிறுவனங்களின் கம்ப்யூட்டர்களுக்குள் புகுந்தவர்கள் துணை மின்நிலையங்களின் பிரேக்கர்களைத் தூரத்திலிருந்தே திறந்துவிட்டார்கள். அதோடு நிறுத்தவில்லை. அந்த நிலையங்களில் நம் எடைமேடைப் பெட்டியின் உறவுக்காரர்கள் இருந்தார்கள். சீரியலை நெட்வொர்க்காக மாற்றும் அதே ஜாதிக் கருவிகள். அவற்றுக்குக் குப்பை ஃபர்ம்வேரை அனுப்பி ஏற்றினார்கள். கருவிகள் செத்துப்போயின. கட்டுப்பாட்டு அறையில் உட்கார்ந்தபடி பிரேக்கரைத் திரும்பப் போட வழியில்லை. ஊழியர்கள் வண்டி எடுத்துக்கொண்டு நிலையம் நிலையமாகப் போய்க் கையாலேயே போட்டார்கள். சில மணி நேரத்தில் விளக்கு எரிந்தது. செத்த கருவிகளால் வந்த தொல்லை மாதக்கணக்கில் நீடித்தது.

அப்டேட் சார் அன்போடு செய்ததை அவர்கள் வன்மத்தோடு செய்தார்கள். அவர்களிடம் நல்ல திட்டமும் இருந்தது.

ஆகவே தீர்ப்பு: சார் சொல்வது சரி, சொல்கிற நேரம் தப்பு. பழைய ஃபர்ம்வேர் ஆபத்துதான், மாற்றத்தான் வேண்டும். சர்க்கரை ஆலையில் அதற்கென்றே காலம் இருக்கிறது. அரவை முடிந்து பாய்லரைக் கழற்றிச் சுத்தம் பண்ணும்போது இந்தப் பெட்டியையும் கழற்றுங்கள். தொடுவதற்கு முன் செட்டிங் முழுவதையும் பைலாக எடுத்து வையுங்கள். தாளிலும் எழுதி வையுங்கள். சில பெட்டிகள் பழைய வெர்ஷனிலிருந்து நேரே புதியதற்குத் தாவாது, நடுவில் ஒரு வெர்ஷனில் இறங்கி ஏற வேண்டும். ரிலீஸ் நோட்ஸில் இதையும் பாருங்கள். அதே மாடலில் உபரிப் பெட்டி ஒன்று வாங்கி, முதலில் அதில் ஏற்றிப் பாருங்கள். ஆபீஸ் ஏசியில் உட்கார்ந்து தூரத்திலிருந்து ஏற்றாமல், பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு ஆளை நிறுத்துங்கள். ஆயுத பூஜையன்று சந்தனத்தை மூடியின் மேல் மட்டும் வையுங்கள்.

உங்கள் ஆலையிலும் ஓர் அப்டேட் சார் இருப்பார். அவரைத் திட்டாதீர்கள். பெட்டிக்கு வெர்ஷன் என்று ஒன்று இருக்கிறது என்று தெரிந்த ஒரே மனிதர் அவர்தான். பாஸ்வேர்டை மட்டும் அரவை முடியும்வரை கிளார்க் அண்ணனிடம் கொடுத்து வையுங்கள்.