குற்றப் பக்க ஆசிரியருக்கு ஒரு பாராட்டுக் கடிதம்

நாளிதழின் குற்றச் செய்திப் பக்கத்தைக் கவனிக்கும் ஐயா அவர்களுக்கு,

'நடத்தையில் சந்தேகம்: மனைவி வெட்டிக்கொலை' படித்தேன். செத்தவளின் நடத்தை தலைப்பிலேயே வந்துவிட்டது. வெட்டியவருக்கும் நடத்தை என்று ஒன்று உண்டா என்பது கடைசி வரிவரை தெரியவில்லை. அக்கம்பக்கத்தில் மட்டும் 'யார்கிட்டயும் வம்புதும்புக்குப் போகாத மனுஷன்' என்றார்களாம். வீட்டுக்குள் எப்படி என்று நிருபர் கேட்கவில்லை போலும்.

'எந்நேரமும் செல்போனில் பேசினாள், கண்டித்தும் கேட்கவில்லை, ஆத்திரத்தில்...' என்று கணவரின் வாக்குமூலம் நாலு பத்தி. போலீசிடம் கொடுத்த வாக்குமூலத்தைக் கொடுத்தவருக்கு எதிரான சாட்சியமாகக் கோர்ட் ஏற்பதில்லை. 1872-ம் ஆண்டு சாட்சியச் சட்டத்திலேயே இருந்த விதி. 2024-ல் சட்டத்தின் பெயர் மாறியும் விதி மாறவில்லை. நீதிபதிகளுக்கு இருக்கும் இந்தத் தயக்கமெல்லாம் தங்களுக்குக் கிடையாது. அதே வாக்குமூலத்தைச் செத்தவளுக்கு எதிராக ஏற்று, விடிவதற்குள் தீர்ப்பை வாசலில் போட்டுவிடுகிறீர்கள். கூடவே கல்யாணப் போட்டோ. மாலையும் கழுத்துமாகச் சிரிக்கிறார் கொன்றவர்.

மருத்துவத்துக்குத் தங்கள் பக்கம் செய்த தொண்டு தனி. தற்கொலைக்குக் காரணமாகத் தாங்கள் எழுதும் 'தீராத வயிற்றுவலி' கல்யாணமான இளம்பெண்களை எப்படித்தான் தேடிப் பிடிக்கிறதோ! திருமணமான ஏழு ஆண்டுக்குள் பெண் இப்படி இறந்தால் ஆர்.டி.ஓ. விசாரணை உண்டு. 'விசாரணை நடக்கிறது' என்று முடித்துவிடுகிறீர்கள். அங்கே அவள் அம்மா என்ன சொன்னார்? எத்தனை பவுன் கேட்டார்கள்? மகளிர் காவல் நிலையத்துக்கு அவள் முன்பே போனாளா, 'சமாதானமாப் போங்க' என்று எழுதி வாங்கிக்கொண்டு திருப்பி அனுப்பினார்களா? அதெல்லாம் எந்த இதழில் வரும் என்று சொன்னால் சந்தா கட்டத் தயார்.

வரதட்சணைச் சாவென்று மட்டுமே 2022-ல் நாட்டில் 6,000-க்கு மேல் வழக்கு பதிவானதாகத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் சொல்கிறது. தங்கள் பக்கத்தில் மட்டும் ஒவ்வொன்றும் திடீரென்று நடந்த 'பரிதாபம்'.

தற்கொலைச் செய்தி எழுதுவதற்கு 2019-லேயே இந்திய பிரஸ் கவுன்சில் வழிமுறை தந்திருக்கிறது. செய்தியோடு உதவி எண்ணையும் சேர்த்துப் போடலாம். அதைத் தேடும் சிரமம் தங்களுக்கு வேண்டாம், நானே சொல்கிறேன்: பெண்களுக்கான உதவி எண் 181. இரவு பகல் எந்நேரமும் கூப்பிடலாம். இன்றைக்கு அடி வாங்கிக்கொண்டிருப்பவளும் தங்கள் பத்திரிகையைப் படிப்பாள். ஒவ்வொரு செய்தியின் கீழும் அந்த மூன்று இலக்கத்தைப் போடுங்கள். இடம் போதாவிட்டால், வாக்குமூலத்தில் இரண்டு வரியைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நாளிதழைக் காசு கொடுத்து வாங்கும் வாசகி