மூச்சு விடாதீங்க, அளவெடுக்கிறாரு!

சுங்கை பெசாரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நடுப்பகல். தாமானில் ஒரு வீட்டில் மட்டும் கதவு சன்னல் எல்லாம் அடைத்திருக்கிறது. வீட்டு ஆட்கள் அத்தனை பேரும் வாசலில் வியர்வை ஒழுக நிற்கிறார்கள். யாரும் வாய் திறக்கவில்லை. துக்க வீடு என்று நினைத்து விசாரிக்கப் போய்விட வேண்டாம். உள்ளே டெசிபல் அண்ணன் ஹோம் தியேட்டர் ஸ்பீக்கர்களுக்கு அளவெடுக்கிறார்.

அளவெடுக்க முதல் தேவை அமைதி. காற்றாடி நிற்க வேண்டும், ஏர்கான் அணைய வேண்டும், ஃப்ரிட்ஜ் சுவிட்சையும் தட்டிவிட வேண்டும். (தட்டியதைத் திரும்பப் போட மறந்து ஒரு கிலோ இறால் நாறிப்போன கதையை அண்ணி இதுவரை யாரிடமும் சொல்லாமல் விட்டதில்லை.) சோபாவின் நடுவில், அண்ணனின் காது வரும் உயரத்தில், முக்காலியில் ஒரு சின்ன மைக். ரிசீவர் ஒவ்வொரு ஸ்பீக்கராக ‘விர்ர்ப், விர்ர்ப்’ என்று ஒரு சத்தத்தை அனுப்பும், மைக் கேட்கும். எந்தப் பெட்டி எத்தனை அடி தூரத்தில், எது கூடுதல் சத்தம், எந்த அதிர்வெண்ணை அறை விழுங்குகிறது, எதை வீங்க வைக்கிறது என்று கணக்குப் போட்டு, அதற்கு எதிர்க்கணக்கையும் தானே எழுதிக்கொள்ளும். பிறகு மைக்கை ஓர் அடி நகர்த்தி மறுபடியும். டெனான், மராண்ட்ஸ் ரிசீவர்களில் வரும் ஆடிஸி முறையின் உயர்ந்த வகை 8 இடங்களில் இப்படிக் கேட்கும். எட்டாவது இடத்துக்கு வரும்போது தவறாமல் ஒரு கப்சாய் மோட்டார் வீட்டைத் தாண்டிப் போகும். அந்த ஓர் இடத்தை மட்டும் திரும்ப எடுத்தால் போதும்தான். அண்ணனின் மனசு ஒப்பாது. முதலிலிருந்து தொடங்குவார்.

இந்த ஊரில் அமைதி லேசில் கிடைப்பதில்லை. கூட்டுக்காகக் குருவி வளர்க்கும் கட்டடங்கள் இந்தக் கரையோரத்தில் நிறைய. குருவிகளை அழைக்கக் குருவிச் சத்தத்தையே பதிவு செய்து, சின்னச் சின்ன ஸ்பீக்கர்களை உள்ளும் வெளியும் பொருத்தி ஒலிக்க விடுகிறார்கள். பார்க்கப்போனால் வட சிலாங்கூரில் மனிதர்களைவிடக் குருவிகளுக்குத்தான் சரவுண்ட் சவுண்ட் தாராளமாகக் கிடைக்கிறது. “அதுங்களுக்கு எவனும் மைக் வச்சு அளக்கல, அதுங்க பாட்டுக்குக் கூடு கட்டுதுங்க” என்பது அண்ணியின் தரப்பு.

அண்ணன் ஒருவரல்ல, ஓர் இனம். மலாயாவில் வணிகத்துக்காகச் செம்பனை முதன்முதலில் 1917-இல் நடப்பட்ட தென்னமரம் தோட்டம் இருக்கும் பெஸ்தாரி ஜெயா பக்கத்திலிருந்து ஈஜோக், தஞ்சோங் காராங், செக்கிஞ்சான், சபாக் பெர்ணம் வரை இந்த இனம் பரவியிருக்கிறது. ஒருவர் செம்பனை ஆலையில் சார்ஜ்மேன், இன்னொருவர் லோரி ஓட்டுபவர், வேறொருவர் தமிழ்ப்பள்ளி ஆசிரியர். பகலில் அடையாளம் தெரியாது. கல்யாண வீட்டில் டிஜே பாட்டு போட்ட ஐந்தாவது நிமிடத்தில், சோற்றைப் பிசைந்த கையோடு, “60 ஹெர்ட்ஸ்ல வீங்குது” என்று ஒருவர் முகத்தைச் சுளித்தால், அவர்தான்.

இவர்கள் குடும்பத்துக் காது தோட்டத்துத் திடலில் வளர்ந்தது. தகவல் இலாகாவின் வேன், 1946-இல் தொடங்கிய மலாயன் ஃபிலிம் யூனிட் எடுத்த படங்களைக் கொண்டுவந்து காட்டிய காலம் அது. திடலில் வெள்ளைத் துணி கட்டித் தமிழ்ப்படம் ஓட்டினால் லயத்துச் சனம் பாயைத் தூக்கிக்கொண்டு வந்துவிடும். குழாய் ஸ்பீக்கர் ஒன்றே ஒன்று. அதில் 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே பெரிதாக எதுவும் வராது. கதாநாயகன் விட்ட குத்துகூட மூக்கடைத்த குரலில்தான் விழும். ஆனால் ஒலியைத் திருப்பியடிக்கச் சுவர் இல்லை, கூரை இல்லை. இன்றைக்கு அண்ணன் ஆயிரக்கணக்கான வெள்ளி கொட்டித் துரத்தும் எதிரி அந்தத் திடலில் கிடையவே கிடையாது. இதை அவரிடம் சொன்னால் ஒரு கணம் யோசிப்பார். பிறகு, “மழை வந்தா?” என்பார்.

1995 தீபாவளிக்கு வந்த ‘குருதிப்புனல்’ இந்தியாவிலேயே முதலில் டால்பி ஸ்டீரியோ சரவுண்ட் எஸ்ஆர் முறையில் வந்த படம். அந்தச் செய்தியிலிருந்துதான் தனக்குக் காது திறந்ததாக அண்ணன் சொல்லிக்கொள்வார். அதன்பின் படித்ததெல்லாம் ஒலி வல்லுநர்களின் வரலாறு. டாம்லின்சன் ஹோல்மன் என்ற அமெரிக்கரை அவர் குறிப்பிடும் தொனி, ஊரில் இருக்கும் பெரியப்பாவைக் குறிப்பிடுவது போலவே இருக்கும். டிஎச்எக்ஸ் என்ற திரையரங்க ஒலித் தரத்தை உருவாக்கியவர் ஹோல்மன். 2002-இல் ஆடிஸியைத் தொடங்கியவர்களில் ஒருவரும் அவரே. “80 ஹெர்ட்ஸுக்குக் கீழ உள்ளத சப்வூஃபர்கிட்ட விட்டுடணும்னு பெரியவரு சொல்லிட்டாரு” என்றால் வீட்டில் அதற்கு மேல்முறையீடு இல்லை. சுவீடனில் உப்சாலா பல்கலைக்கழகத்து ஆட்கள் தொடங்கிய டிராக் நிறுவனத்தின் டிராக் லைவ் முறையின் பக்கம் சாய்ந்தவர்களும் இந்த இனத்தில் உண்டு. இரு கட்சிக்காரர்களும் ஒரே மேசையில் தே தாரே குடிப்பார்கள். பில் வரும் வரை ஒத்துப்போக மாட்டார்கள்.

அளவெடுத்து முடிந்ததும் சோதனைகள் வரிசை கட்டி வரும். முதலாவது மானப் பிரச்சினை. இடுப்புயரம் நிற்கும் முன் ஸ்பீக்கர்களை ரிசீவர் ‘லார்ஜ்’ என்று எழுதிவைக்கும். ஆனால் பாஸ் எனும் தாழ்ந்த ஒலி முழுவதும் அதற்கென்றே இருக்கும் சப்வூஃபர் பெட்டிக்குப் போக வேண்டுமானால் அவற்றை ‘ஸ்மால்’ என்று மாற்றியாக வேண்டும். தவணை கட்டி வாங்கிய பெட்டியைத் தன் கையாலேயே ‘சின்னது’ என்று பதிவு செய்யும்போது அண்ணன் திரையைப் பார்ப்பதில்லை.

இரண்டாவது, தூரக் கணக்கு. டேப் வைத்து அளந்தால் சப்வூஃபர் 10 அடியில் இருக்கிறது. ரிசீவர் 17 அடி என்கிறது. பழுதில்லை. சப்வூஃபருக்குள் இருக்கும் மின்னணுச் சுற்று ஒலியைச் சற்றுத் தாமதமாக்கி அனுப்புகிறது. ரிசீவருக்குத் தெரிந்தது நேரம் மட்டும், அதை அது தூரமாகச் சொல்கிறது. நம் ஊர் 30 டிகிரி வெயிலில் ஒலி நொடிக்கு 349 மீட்டர் ஓடுகிறது என்பதால் 7 அடி என்பது 6 மில்லி விநாடி. இதை விளக்கிக்கொண்டிருந்த அண்ணனிடம் மச்சான் கேட்டார்: “17 அடின்னா அது பக்கத்து வீட்டு ஹால்லலா இருக்கணும்? அவங்கதான் காசு கொடுத்தாங்களா?”

எல்லாவற்றையும்விடப் பெரிய வழக்கு, அம்மாவின் நாற்காலி.

அண்ணன் வீட்டு ஹால் 18 அடி நீளம். அந்த நீளத்துக்குச் சரியாக 32 ஹெர்ட்ஸ் ஒலியின் பாதி அலை பொருந்தி நின்றுவிடும். அப்படி நிற்கும் அலை இரு கோடிச் சுவர்களிலும் உச்சத்தில் இருக்கும். நட்டநடுவில் ஒன்றுமே இருக்காது. எல்லா ஸ்பீக்கரும் சம தூரத்தில் வர வேண்டும் என்று அண்ணன் சோபாவை இழுத்துப் போட்டது நட்டநடுவில். முதுகுக்குச் சாய்மானம் வேண்டும் என்று அம்மா நாற்காலியைப் போட்டது பின் சுவரை ஒட்டி. இடி இடிக்கும் காட்சியில் அண்ணன், “பாஸே இல்லையே!” என்று சப்வூஃபரைக் கூட்டுவார். பின்னாலிருந்து, “நெஞ்சு அடைக்குதுடா பாவி” என்று குரல் வரும். இரண்டும் உண்மை. அறையில் அந்த ஒலி எங்கே இருக்கிறது என்பதை மைக் இல்லாமலே கண்டுபிடித்தவர் அம்மா.

இந்தப் பள்ளத்தை எந்தத் திருத்த முறையாலும் நிரப்ப முடியாது என்பதுதான் அண்ணனுக்குச் செரிக்காத செய்தி. வீக்கத்தைக் குறைக்கலாம், அதில் ஆடிஸியும் டிராக்கும் கெட்டிக்காரர்கள். பள்ளத்தில் ஒலியைக் கூட்டினாலோ, சுவரில் பட்டுத் திரும்பி வருவதும் அதே அளவு கூடி, இரண்டும் அடித்துக்கொண்டு மறுபடியும் பூச்சியம். 3 டெசிபல் கூட்ட ஆம்ப்ளிஃபயர் இரு மடங்கு உழைக்க வேண்டும், 10 டெசிபலுக்குப் பத்து மடங்கு. சோபாவை மூன்றடி பின்னால் தள்ளினால் போதும், செலவு ஒரு சென்னும் இல்லை. அண்ணன் புது ஆம்ப்ளிஃபயர் விலை விசாரிக்கிறார்.

சப்வூஃபருக்கு இடம் தேடிய நாளைக் குடும்பம் மறக்காது. ஒலி போகும் பாதையில் பெட்டியும் காதும் இடம் மாறினாலும் விளைவு ஒன்றே என்பது இயற்பியல். அதனால் பெட்டியைச் சோபாமேல் ஏற்றிவைத்துப் பாட்டை ஓடவிட்டு, காதைத் தரையோடு வைத்து அறை முழுக்கத் தவழ்ந்து பார்க்க வேண்டும். எங்கே பாஸ் சீராகக் கேட்கிறதோ அங்கே பெட்டி. உலகம் முழுக்க ஆர்வலர்கள் செய்வதுதான். ஆனால் சோபாவில் சப்வூஃபர் சாய்ந்து உட்கார்ந்திருக்க, மருமகன் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு சாமி மேடைக்கு அடியில் தலையை விட்டுப் பின்புறம் தூக்கி நிற்கும் நேரம் பார்த்து மாமியார் வந்தார். “மாப்ளைக்கு என்னம்மா?” என்று மகளிடம் மெல்லக் கேட்டார். “சத்தம் தேடுறாரும்மா” என்றார் அண்ணி. அந்தப் பதில் மாமியாருக்குத் தைரியம் தரவில்லை.

தேடிக் கிடைத்த இடமும் சாமி மேடைக்கு அடிதான். அங்கே வைத்து 15 ஹெர்ட்ஸிலிருந்து மெல்ல ஏற்றிக்கொண்டே போனால் வீட்டில் உள்ள ஒவ்வொரு பொருளும் முறை வைத்துப் பேசத் தொடங்கும். முதலில் வாசல் கிரில்லின் பூட்டு. பிறகு நாக்கோ சன்னல் கண்ணாடி, குத்துவிளக்குத் தட்டு, மகள் ஓட்டப்பந்தயத்தில் வாங்கிய கிண்ணம், தெர்மோஸ் மூடி, மாட்டியிருக்கும் நாட்காட்டி. அண்ணன் ஒரு கையில் ரப்பர் துண்டு, மறுகையில் ஒட்டுநாடாவோடு ஒவ்வொன்றின் வாயையும் அடைத்துக்கொண்டு போவார். எல்லாம் அடங்கியபின் பக்கத்து வீட்டுச் சுவர் பேசும். தொடர் வீடுகளுக்கு நடுச்சுவர் பொது. பாஸுக்கு அது ஒரு தடையே இல்லை. அந்த வீட்டு மக்சிக் ரொம்ப நல்லவர். வெளியே வந்து, செம்பனை லோரி எதுவும் குறுக்கு ரோட்டில் திரும்பிவிட்டதா என்று எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விடுவார்.

ஒவ்வோர் அதிர்வெண்ணிலும் அறை எவ்வளவு ஒலிக்கிறது என்று காட்டும் வரைபடம் என்று ஒன்று உண்டு. ஜான் மல்காஹி என்பவர் இலவசமாகத் தரும் ரூம் ஈக்யூ விசார்ட் மென்பொருளில், ஹாங்காங் மினிடிஎஸ்பி நிறுவனத்தின் யூமிக் மைக்கைக் கணினியில் சொருகி எடுப்பது. அதில் கோட்டை வழவழப்பாக்கிக் காட்டும் வசதியும் இருக்கிறது. மலையும் மடுவுமாக இருக்கும் அசல் படத்தை அண்ணன் தனக்கு வைத்துக்கொள்வார். நன்றாக வழித்து மெழுகிய படத்தை வாட்ஸாப்பில் நண்பர்களுக்கு அனுப்புவார். அவர்கள் அனுப்புவதும் மெழுகியதுதான் என்பது எல்லாருக்கும் தெரியும். அதனால் எல்லாரும் எல்லாரையும் பாராட்டுவார்கள்.

இத்தனை பாடுபட்டுக் கோட்டைச் சமமாக்கிய மறுநாள், அண்ணன் சப்வூஃபரை 5 டெசிபல் கூட்டிவிடுவார். கேலி செய்ய அவசரப்பட வேண்டாம். ஒலி ஆய்வாளர்கள் ஷான் ஆலிவ், டாட் வெல்டி குழுவினர் 2013-இல் கேட்பவர்களை உட்காரவைத்துச் சோதித்தபோது, பாஸ் தூக்கலாகவும் மேல் ஸ்தாயி சற்றுத் தாழ்ந்தும் இருப்பதைத்தான் பெரும்பாலோர் விரும்பினார்கள். கோடு போட்டதுபோல் சமமாக இருப்பதை அல்ல. பயிற்சியில்லாத காதுகள் பாஸை இன்னும் கூடுதலாகக் கேட்டன. தோட்டத்து வேனில் பின்சீட்டுக்கு அடியில் பெரிய பெட்டி வைத்து ஓட்டிய தம்பிமார்கள் இதை ஆய்வில்லாமலே சொல்லிவந்தார்கள்.

படம் பார்ப்பது எப்போது? அது வேறு விஷயம். விருந்தினர் வந்தால் ‘விக்ரம்’ படத்துச் சண்டை இரண்டு நிமிடம் ஓடும். சோபாவில் நடு இடம் விருந்தினருக்கு. “இப்ப பாருங்க, பின்னால இடது பக்கம்” என்று அண்ணன் முன்கூட்டியே கை காட்டிவிடுவார். முடிந்ததும் நிறுத்திவிடுவார். அந்தப் படம் எப்படி முடிகிறது என்று பிள்ளைகள் பள்ளியில்தான் கேட்டுத் தெரிந்துகொண்டார்கள். மாலையில் அம்மா விண்மீன் அலைவரிசையில் தொடர் பார்ப்பது டிவியின் சொந்த ஸ்பீக்கரில்.

அம்மா வழக்குக்குத் தீர்வு இருக்கிறது. அதே வெல்டி 2002-இல் கணக்குப் போட்டுக் காட்டினார்: நீள்சதுர அறையில் நான்கு சுவர்களின் நடுவிலும் ஒவ்வொரு சப்வூஃபர் வைத்தால் எல்லா இருக்கைக்கும் பாஸ் ஏறக்குறைய ஒரே அளவில் கிடைக்கும், எதிரெதிர்ச் சுவர்களின் நடுவில் இரண்டு வைத்தாலும் பெரிய குறையில்லை. அண்ணன் இரண்டுக்குச் சம்மதித்தார். முன்சுவர் நடுவில் டிவிக்குக் கீழே இடம் இருக்கிறது.

“பின்சுவரு நடுவுலதான் அடுப்படிக்குப் போற வழி இருக்கு, தெரியும்லங்க?” என்றார் அண்ணி.

“வழிய ரெண்டடி தள்ளிட்டா?”

அண்ணி கோபப்படவில்லை. கொந்திரேக்டரை அவரே ஃபோனில் கூப்பிட்டார். வந்தவர் சுவரைத் தட்டிப் பார்த்தார். வழியைத் தள்ளினால் அடுப்படிக் கேபினட்டைக் கழற்ற வேண்டும், கழற்றினால் சிங்க்கையும் மாற்ற வேண்டும், தரையில் இருக்கும் பழைய டைல்ஸ் இப்போது கடையில் வருவதில்லை என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தார். அண்ணன் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். அண்ணி கைப்பேசியைத் திறந்து, எப்போதோ எடுத்து வைத்திருந்த டைல்ஸ் படங்களை அவரிடம் நீட்டினார்.

“தம்பி, அப்படியே குளியலறையையும் ஒரு பார்வை பாத்துடுங்க” என்றார் அம்மா, பின்சுவர் நாற்காலியிலிருந்து.