பாடுனது ஆரு?

ராப் பாடகர் ஹிப்ஹாப் ஆதியின் ஊர் என்பதால் கோவையில் வீட்டுக்கொரு ஸ்டுடியோ. பீளமேட்டுத் தம்பி ஒருவர் ஃபேனை நிறுத்தி, வியர்க்க வியர்க்கப் பாடிவிட்டு, சுருதி திருத்தும் ஆட்டோடியூன் மென்பொருளின் வேகத்தைப் பூஜ்யத்தில் வைத்தார். நெளிவு, குழைவு எல்லாம் போய், குரல் சுரத்துக்குச் சுரம் வெட்டி வெட்டித் தாவியது.

இந்த மென்பொருளை 1997-ல் கொண்டுவந்த அமெரிக்கர் ஆண்டி ஹில்டிபிராண்ட், அதற்குமுன் நில அதிர்வலைகளை அலசி எண்ணெய் தேடித் தந்தவர். அவிநாசிப் பக்கம் பிறந்திருந்தால் ஆயிரமடி போர்வெல்லுக்குத் தண்ணீர் பார்த்துச் சொல்லியிருப்பார், பாட்டு பிழைத்திருக்கும்.

தம்பி பாட்டை அனுப்பியதும், நண்பர்கள் அதைக் கேட்காமலே நெருப்பு எமோஜி அனுப்பிவிட்டார்கள். முழுக்கக் கேட்டவர் பெரியப்பா மட்டும்தான்.

"நல்லாத்தான் இருக்குது கண்ணு. பாடுனது ஆரு?"

"நான்தானுங்க பெரியப்பா."

"அட சாமி! சளி எத்தன நாளா இருக்குது?"