ஆடக் கருதிய போர்களுக்கு ஓர் இலக்கணம்

போர் விளையாட்டுகளை வகுத்தவர்கள் எல்லாரும் பெட்டியைப் பார்த்தே வகுத்திருக்கிறார்கள். ரோமர் காலம், நெப்போலியன் காலம், இரண்டாம் உலகப்போர் என்று காலத்தால் பிரித்தனர் ஒரு சாரார். ஒரு காய் பத்துப் பேர் கொண்ட குழுவா, பத்தாயிரம் பேர் கொண்ட படையா என்று அளவால் பிரித்தனர் மற்றொரு சாரார். இரண்டும் கடைக்காரருக்கு உதவும். டிசம்பர்க் கடைசியில் ஒரு தாளை எடுத்து 'வரும் ஆண்டில் ஆட வேண்டியவை' என்று தலைப்பிட்டு எழுத உட்காரும் ஆர்வலனுக்கு உதவா. அவன் தாளில் இருப்பது ஆடுவோம் என்னும் எண்ணம் மட்டுமே. அந்த எண்ணத்தின் குறுக்கே எது நிற்கிறதோ, அதைக் கொண்டே வகை செய்ய வேண்டும் என்பது இந்நூலின் துணிபு.

வகைகளைப் புதிதாகத் தேட வேண்டியதில்லை. போரைத் திணை திணையாகப் பிரித்துத் திணைக்கொரு பூவும் சூட்டி வைத்த மொழி நம்முடையது. தொல்காப்பியர் புறத்திணையை ஏழாக நிறுத்தினார். புறப்பொருள் வெண்பாமாலை செய்த ஐயனாரிதனார் பன்னிரண்டாக விரித்தார். ஆர்வலனின் பட்டியல் நீளும் இயல்பினது ஆதலின் பன்னிரண்டையே கொண்டோம்.

போர் விளையாட்டுத் துறையின் வரலாறு சுருக்கமாக: 1824-இல் பிரஷ்யப் படை அதிகாரி ரைஸ்விட்ஸ், தம் தந்தை உருவாக்கிய போர் விளையாட்டைச் செப்பனிட்டு வெளியிட்டார், படைத் தலைமை அதைப் பயிற்சியாகவே எடுத்துக்கொண்டது. கடையில் வாங்கி வீட்டு மேசையில் விரிக்கும் பொருளாக அதை மாற்றியவர் அமெரிக்கரான சார்லஸ் ராபர்ட்ஸ். 1954-இல் 'டாக்டிக்ஸ்', 1958-இல் பால்டிமோரில் அவலான் ஹில் நிறுவனம், 1961-இல் அறுகோணக் கட்டங்கள். சதுரக் கட்டத்தில் மூலைவாக்கில் நகரும் படை கூடுதல் தூரம் போய்விடும். அறுகோணத்தில் எப்பக்கம் போனாலும் ஒரே தூரம். காய் என்பது சிறிய அட்டைச் சதுரம்; அதன் வலிமையும் வேகமும் அதன் மேலேயே அச்சாகியிருக்கும். இரு தரப்பு வலிமையை வகுத்து 3-க்கு 1 என்று விகிதம் கண்டு, பகடை உருட்டி, அட்டவணையைப் பார்த்தால் யார் பின்வாங்கினார் என்று தெரிந்துவிடும். கணக்கு இவ்வளவே. மற்றவை விதிவிலக்குகள், அவைதாம் புத்தகத்தைத் தடிமனாக்குகின்றன.

இனி, வெட்சியாவது ஆநிரை கவர்தல். இங்கே கவரப்படுவது நேரம். ஒரு ஞாயிறு மாலையைச் சத்தமில்லாமல் ஓட்டிச் சென்று முடித்துவிடக்கூடிய சிறு விளையாட்டுகள் இத்திணையைச் சேர்ந்தவை. ஜிம் டன்னிகன் 1969-இல் 'ஸ்ட்ராட்டஜி அண்ட் டாக்டிக்ஸ்' இதழை எடுத்து நடத்தத் தொடங்கியபின் இதழுக்குள்ளேயே விளையாட்டை வைத்து அனுப்பியது வெட்சியாருக்குச் செய்த பேருதவி. கவர்ந்ததை மீட்பது கரந்தை; இதைச் செய்வோர் வீட்டார். இரவுச் சாப்பாட்டுக்கு மேசை மீட்கப்படும்போது மாஸ்கோவை எட்டிப் பார்த்த படையும் பெட்டிக்குள் போகும். கரந்தைக்கென்று தனி விளையாட்டு இல்லை. எல்லா விளையாட்டுக்கும் கரந்தை உண்டு.

வஞ்சி, பகைவர் நாட்டின்மேல் செல்லுதல். மார்க் சிமோனிச்சின் 'ஹன்னிபால்' (1996) இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. கையிலுள்ள சீட்டைப் படை நகர்த்தச் செலவிடுவதா, அதில் எழுதியுள்ள நிகழ்ச்சியை நடத்துவதா என்று ஒவ்வொரு முறையும் மனம் இரண்டுபடும். ஆல்ப்ஸ் மலையைக் கடந்தால் படை கரையும். ஆனால் உண்மையான மலை, எதிராளி வேறு ஊரில் இருப்பது. முன்பெல்லாம் இதைத் தபாலில் தாண்டினார்கள். தொலைவில் இருப்பவன் உருட்டிய பகடையை யார் நம்புவது? ஒரு பங்கையும் வரப்போகும் ஒரு தேதியையும் முன்கூட்டியே எழுதி அனுப்பி, அன்றைக்கு அந்தப் பங்கு விற்ற எண்ணிக்கையின் கடைசி இலக்கத்தைப் பகடையாகக் கொண்டார்கள். நியூயார்க்கில் எவரோ நூறு பங்கு கூடுதலாக வாங்கியதால் ஆட்டத்தில் டோப்ருக் கோட்டை கைமாறியிருக்கக் கூடும். இன்று வாஸல் என்னும் இலவச மென்பொருள் அந்த வேலையைச் செய்கிறது. வசதிதான், சுவை குறைவு.

காஞ்சியில் இரு நூலாரும் மாறுபடுவர். வெண்பாமாலையார் அதை வஞ்சிக்கு எதிரூன்றல் என்றார். தொல்காப்பியர் நிலையாமை என்றார். நாம் தொல்காப்பியர் பக்கம். காரணம், ரிச்சர்ட் பெர்க் வடிவமைத்து எஸ்.பி.ஐ. நிறுவனம் 1979-இல் வெளியிட்ட 'தி கேம்பெய்ன் ஃபார் நார்த் ஆப்பிரிக்கா'. பரிந்துரைக்கப்பட்ட ஆட்டக்காரர் 10 பேர், பக்கத்துக்கு ஐவர். ஒருவர் தலைமைத் தளபதி; ஒருவர் விமானங்களை மட்டும் பார்ப்பார்; இன்னொருவருக்கு முழுநேர வேலை எரிபொருளும் தண்ணீரும் கணக்கெழுதுவது. இத்தாலியப் படைக்குப் பாஸ்தா வேகவைக்கக் கூடுதல் தண்ணீர் தர வேண்டும் என்றுகூட விதி இருக்கிறது. அது தாம் செய்த வேடிக்கை என்று பெர்க் பிற்காலத்தில் சொன்னார். மற்ற விதிகள் வேடிக்கைக்காக எழுதியவை அல்ல என்பதுதான் கவலை. முழு ஆட்டத்துக்கு ஆயிரம் மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும். ஆயிரமே என்று குறைத்து வைத்து, பத்துப் பேரும் ஒரு வாரமும் தவறாமல் கூடி வாரம் 3 மணி நேரம் ஆடினால், ஆறு ஆண்டுகளைத் தாண்டும். வட ஆப்பிரிக்கப் போரே 1940 ஜூனில் தொடங்கி 1943 மே மாதத்தில் முடிந்துவிட்டது. அதாவது போரை நடத்துவது, அதை ஆடுவதைவிட விரைவான வழி. இதைப் பட்டியலில் எழுதுகிறவனை நகைக்க வேண்டாம். யாக்கை நிலையாது என்று அறிந்தே எழுதுகிறான்.

உழிஞை, மதில் முற்றுகை. இங்கே மதில் என்பது விதிப்புத்தகம். ஜான் ஹில்லின் 'ஸ்குவாட் லீடர்' (1977) வளர்ந்து வளர்ந்து 1985-இல் 'அட்வான்ஸ்டு ஸ்குவாட் லீடர்' ஆனபோது, அதன் விதிகள் வளையம் போட்ட கோப்பில் வந்தன, புதிய அதிகாரங்களைச் செருகிக்கொண்டே போக வசதியாக. காலாட்படைக்கு ஏ, நிலத்துக்கு பி, பீரங்கிக்கு சி என்று எழுத்துகள் தொடரும். கோதுமை வயலில் மறையலாமா என்றால் மறையலாம், ஜூன் முதல் செப்டம்பர் வரை. மற்ற மாதங்களில் அது அறுத்த வயல். இப்படிப்பட்ட ஒரு விதியைப் படித்ததும் கோட்டைக்குள் நுழைந்துவிட்டதாக ஆர்வலன் மகிழ்வான். அது அகழிதான். மதிலை உள்ளிருந்து காப்பது நொச்சி. வாங்கிய பெட்டியின் மேலுறையைக் கிழிக்காமல் அலமாரியில் நிறுத்தி, விலை ஏறுகிறதா என்று பார்ப்போர் நொச்சியார். இவர்களைப் பற்றி மேலும் சொல்ல விருப்பமில்லை.

தும்பையாவது இருவரும் ஒரு களத்தில் நேருக்கு நேர் நிற்றல். மேசை இருக்கிறது, எதிராளி இருக்கிறான், விதி சில பக்கமே. 1972-இல் வந்த 'கியூபெக் 1759' இத்திணைக்கு அணி. அட்டைக்குப் பதில் மரக்கட்டைகள். எண் உள்ள முகம் நம்மைப் பார்க்க நிறுத்தி வைப்பதால், எதிரிக்குத் தெரிவது வெறும் நிறம். எது பெரும்படை, எது வெறும் பாசாங்கு என்று அவன் ஊகிக்க வேண்டும். அடி வாங்கினால் கட்டையைத் திருப்பி வலிமையைக் குறைப்பார்கள். உண்மைப் போரில் ஆங்கிலேயத் தளபதி உல்ஃப் களத்திலேயே இறந்தார்; பிரெஞ்சுத் தளபதி மோன்கால்ம் காயத்தோடு மறுநாள் காலை இறந்தார். இரு பக்கத் தலைவரும் மடிவதைத் தும்பையில் ஒரு துறையாகவே நம் முன்னோர் வைத்திருப்பதை ஈண்டு நினைக்க. வாகையாவது ஆட்டம் முடிந்து காய்கள் குறையாமல் பெட்டிக்குத் திரும்புதல். வென்றவர் யார் என்பது இத்திணையில் கேட்கப்படாது.

பாடாண் திணையில் பரிசில் வேண்டி நிற்போர் பலர். கலிபோர்னியாவைச் சேர்ந்த ஜி.எம்.டி. நிறுவனம் ஒரு விளையாட்டை முதலில் அறிவிக்கும். 500 பேர் வேண்டும் என்று பெயர் கொடுத்த பிறகே அச்சிடக் கருதும். பெயர் கொடுத்தவன் ஆண்டுக்கணக்கில் வாயிலில் நிற்பான். நம் பாணர்கள் பாடிப் பெற்றார்கள். இவன் காத்திருந்து, பணமும் கட்டிப் பெறுகிறான். பொதுவியலில் எல்லாத் திணைக்கும் பொதுவானவை அடங்கும்: காய்களைத் தாளிலிருந்து பிரித்தல், பிரித்தவற்றின் முனைகளை வெட்டுகருவியால் வட்டமாக்குதல், சிறு டப்பாக்களில் இனம் பிரித்தல். இதையே ஆட்டமாகக் கொண்டு நிறைவடைவோரும் உளர்; அவர்களே இத்துறையில் அமைதியானவர்கள்.

கைக்கிளை ஒருதலைக் காமம். எதிராளி கிடைக்காமல் இரு பக்கமும் தானே ஆடுதல். இது விதிவிலக்கு என்று நினைப்பது தவறு; ஆர்வலரில் பெரும்பங்கினர் தனியே ஆடுகிறவர்கள் என்பதை டன்னிகன் தம் வாசகர்களிடம் கேட்டே அறிந்தார். ஜெர்மன் தளபதி ரோமெல் பக்கம் உட்கார்ந்து ஒரு சூழ்ச்சி செய்து, நாற்காலி மாறி, அந்தச் சூழ்ச்சி தெரியாதவன்போல் ஆங்கிலேயப் படையை நகர்த்த வேண்டும். வரைபடத்தில் எல்லாம் வெளிப்படையாக இருந்தால் இது முடியும். சீட்டு வந்த பிறகு முடியவில்லை. இரு கையையும் தெரிந்துவைத்துக்கொண்டு யாரை ஏமாற்றுவது? அதனால் தனியாளுக்கென்றே செய்தவை உண்டு. 'பி-17, குயின் ஆஃப் த ஸ்கைஸ்' (1981) ஆட்டத்தில் ஒரு குண்டுவீச்சு விமானத்தை 25 முறை ஜெர்மனிப் பக்கம் அனுப்பி மீட்க வேண்டும். முடிவெடுப்பதைவிடப் பகடை உருட்டுவதே அதிகம் என்பது குற்றச்சாட்டு. ஆனால் விமானத்துக்கும் அதிலுள்ள பத்துப் பேருக்கும் பெயர் வைத்தவனிடம் அதைச் சொல்லிப் பாருங்கள்.

பெருந்திணை பொருந்தாக் காமம். பட்டியலில் நான் முதலில் எழுதியிருப்பது இத்திணைதான்: புரூஸ் மான்ஸ்ஃபீல்டின் 'காந்தி' (2019). அமெரிக்க உளவுத்துறையில் ஆய்வாளராக இருந்த வோல்கோ ருன்கே, கொலம்பியக் கிளர்ச்சியைக் கொண்டு 2012-இல் தொடங்கிய கொரில்லாப் போர் வரிசையில் இது வருகிறது. 1917 முதல் 1947 வரை. பிரிட்டிஷ் ஆட்சி, காங்கிரஸ், முஸ்லிம் லீக், புரட்சியாளர் என நான்கு தரப்பு. அவற்றில் இரண்டு ஆயுதம் எடுக்காதவை. போர் விளையாட்டுக்குள் அகிம்சை என்பது முதல் பொருத்தமின்மை. ஒரே நாளில் நான்கு பேர் கூடுவது இரண்டாவது. மூன்றாவது, எங்கள் குழுவில் பிரிட்டிஷ் ஆட்சியை நடத்த ஒருவரும் ஒப்பவில்லை, காங்கிரசுக்கு மூவர் போட்டி. இதையும் வடிவமைத்தவர்கள் முன்பே நினைத்திருக்கிறார்கள்: ஆளில்லாத தரப்பை நடத்தப் பெட்டிக்குள் ஒரு சீட்டுக்கட்டு உண்டு, அதற்கு அர்ஜுனா என்று பெயர். ஆகவே இந்தியாவை அடக்கி ஆளும் பொறுப்பு அர்ஜுனனுக்குக் கொடுக்கப்பட்டிருக்கிறது. தேதி மட்டும் இன்னும் குறிக்கவில்லை.